நரம்பு வேர் வலிக்கு எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி: ஆய்வுகளை முன்வைத்து ஒரு மதிப்புரை

இடுப்பிலிருந்து பிட்டம் வழியாக இறங்கி, தொடையையும் கெண்டைக்காலையும் கடந்து, கால்விரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் வரும் வலிக்கு, வலி சிகிச்சை மையங்கள் இன்று முன்வைக்கும் சேவைகளில் முதன்மையானது எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி; அதாவது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிடியூரல் வெளியில் செலுத்துவது. கத்தி வைக்க வேண்டியதில்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை, அன்றே வீடு திரும்பலாம், வலி போய்விடும் என்று நான்கு வாக்குறுதிகளோடு அது வருகிறது. முதல் மூன்றும் உண்மை. நான்காவது யாருக்கு உண்மை, எத்தனை வாரங்களுக்கு உண்மை என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி. நானும் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவன். ஆனால் ஒருவருடைய அனுபவத்தைக் கொண்டு ஒரு சிகிச்சையை எடைபோட முடியாது என்பதால், இத்துறையில் நடந்துள்ள மருத்துவ ஆய்வுகளையே பெரிதும் சார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஊசி எந்த வலிக்கானது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். வெறும் இடுப்பு வலிக்கு இது உரியதன்று. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கின் கூழ் போன்ற உட்பகுதி, தன்னைச் சுற்றியுள்ள நார்வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே பிதுங்கி, அருகில் செல்லும் நரம்பின் வேரைத் தாக்கும்போது வருவதே நரம்பு வேர் வலி. பேச்சு வழக்கில் ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்பார்கள்; காலில் இறங்கினால் மருத்துவர் அதைச் சியாட்டிக்கா என்று எழுதுவார். இடுப்புப் பகுதியில் பெரும்பாலான பிதுக்கங்கள் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் நிகழ்கின்றன. அதனால் ஐந்தாவது இடுப்பு நரம்பின் வேர் அல்லது அதற்குக் கீழே உள்ள முதலாவது திரிக நரம்பின் வேர் பாதிக்கப்படுகிறது. முன்னதில் வலி காலின் வெளிப்புறமாக இறங்கிப் பாதத்தின் மேற்பகுதியையும் கட்டைவிரலையும் அடையும்; பின்னதில் கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரத்தையும் சுண்டுவிரலையும் அடையும். கழுத்தில் நிகழ்ந்தால் தோளிலிருந்து கைவிரல் வரை இறங்கும். இனி நான் குறிப்பிடும் ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் இவ்வாறு காலில் இறங்கும் வலி உடையவர்கள் என்பதால், அவற்றின் முடிவுகளை இடுப்பு வலி மட்டுமே உள்ள ஒருவருக்குப் பொருத்திப் பேசுவது தவறு. அப்படிப் பேசி ஊசியைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு ஏன் என்ற கேள்விக்கு நல்ல விடை இருக்கிறது. டிஸ்க் பிதுக்கம்தான் சியாட்டிக்காவுக்குக் காரணம் என்பதை 1934-இல் பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எடுத்துக்காட்டிய பிறகு, நரம்பு நசுங்குவதால்தான் வலி என்ற கருத்தே நெடுங்காலம் கோலோச்சியது. பின்னர், நோயாளி விழித்திருக்கும் நிலையில், பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து முதுகு அறுவை செய்த மருத்துவர்கள், ஒவ்வொரு திசுவாகத் தொட்டுப் பார்த்து 1991-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நோயாளிக்குப் பழகிப்போன அந்தக் கால் வலி, ஏற்கெனவே வீங்கியோ அழுந்தியோ இழுபட்டோ இருந்த நரம்பு வேரைத் தொட்டபோதுதான் எழுந்தது. நலமாக இருந்த வேரைத் தொட்டபோது எழவில்லை. 1993-இல் சுவீடன் ஆய்வாளர்கள் பன்றிகளின் டிஸ்க் கூழை எடுத்து, எந்த அழுத்தமும் இல்லாமல் அதே விலங்கின் நரம்பு வேர்கள்மீது வைத்தார்கள். நரம்பு வழியாகச் செல்லும் உணர்த்தலின் வேகம் குறைந்தது. ஆக, நசுக்கம் மட்டுமல்ல, அழற்சியும் சேர்ந்தே இந்த வலியை உண்டாக்குகிறது. அழற்சியைத் தணிக்கும் மருந்தை அழற்சி உள்ள இடத்திலேயே செலுத்துவது அறிவுக்கு உகந்த எண்ணம்தான். ஆயினும் இந்த விளக்கங்கள் வருவதற்கு வெகு முன்பே ஊசி வந்துவிட்டது. முதுகின் அடிப்பகுதி வழியாக எபிடியூரல் வெளியில் மரப்பு மருந்து செலுத்துவது 1901-இல் பாரிஸில் தொடங்கியது. 1950-களில் அதில் ஸ்டீராய்டு சேர்ந்தது. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்தும் ஆய்வுகள் 1970-களில்தான் வரத் தொடங்கின. வழக்கமாகிவிட்ட ஒன்றைப் பின்னர் சோதிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த ஊசியின் வரலாறே சான்று.

சேவை என்ற அளவில் இதில் குறை சொல்ல அதிகமில்லை. தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிடியூரல் வெளிக்கு ஊசி மூன்று வழிகளில் செல்லலாம்: பின்புறம் இரண்டு முள்ளெலும்புகளின் இடைவெளி வழியாக, வால் எலும்புக்கு மேலுள்ள துவாரம் வழியாக, அல்லது பாதிக்கப்பட்ட நரம்பு வேர் வெளியேறும் பக்கவாட்டுத் துவாரம் வழியாக. எனக்குச் செய்யப்பட்டது மூன்றாவது. குப்புறப் படுக்க வைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசியை இறக்கி, மருந்துக்கு முன்னால் திரையில் தெரியும் சாயத்தைச் சிறிது செலுத்தி, அது நரம்பின் ஓரமாகப் படர்கிறதா, இரத்தக் குழாயில் போய்விடவில்லையா என்று சரிபார்த்த பிறகே மருந்தைச் செலுத்தினார்கள். மருந்து இறங்கும்போது எனக்குப் பழக்கமான வலியே அதே பாதையில் ஒரு கணம் கிளர்ந்து அடங்கியது. கால் சில மணி நேரம் கனத்துத் துவண்டிருந்தது. முகம் சிவத்தல், தூக்கமின்மை, சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறுதல் ஆகியவை ஸ்டீராய்டால் வரக்கூடியவை. இவற்றை முன்கூட்டியே சொல்லும் மையம் நல்ல மையம். எக்ஸ்ரே திரையோ வேறு படக்கருவியோ இல்லாமல் கைத்தடவலில் போடுவதாகச் சொன்னால், வேறு இடம் தேடுவது நல்லது.

அடுத்த சில நாட்களில் என் வலி தணிந்தது. ஊசிதான் தணித்தது என்று சொல்ல எனக்கு ஆசை உண்டு. சொல்லும் உரிமை இல்லை. அதற்கு இத்துறையிலேயே ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. முடக்குவாதத்துக்குப் பயன்படும் இன்ஃபிளிக்ஸிமாப் என்ற மருந்தைப் பின்லாந்து மருத்துவர்கள் டிஸ்க் பிதுக்கத்தால் கடும் சியாட்டிக்கா கொண்ட பத்துப் பேருக்குச் செலுத்தி, 2003-இல் வியக்கத்தக்க பலனை வெளியிட்டார்கள். மருந்து என்று தெரிந்தே கொடுத்தார்கள், தெரிந்தே வாங்கிக்கொண்டார்கள். அவர்களே அதோடு நின்றுவிடாமல், 40 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்தும் மறுபாதிக்கு மருந்துப்போலியும், யாருக்கு எது என்று தெரியாத வகையில் கொடுத்தார்கள். 2005-இல் வெளிவந்த முடிவில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. மருந்து பெற்றவர்கள் தேறியது உண்மை. பெறாதவர்களும் அதே அளவு தேறியிருந்தார்கள். தம்முடைய நல்ல முடிவைத் தாமே சோதித்து, அது நிற்கவில்லை என்பதையும் வெளியிட்ட அந்த நேர்மை பாராட்டத்தக்கது. நரம்பு வேர் வலிக்கு எந்தச் சிகிச்சையைப் பற்றியும் ‘எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் குணமானார்கள்’ என்று எழுதப்பட்டிருந்தால், அதை மருந்துப்போலி பெற்ற குழுவோடு ஒப்பிட்டார்களா என்று கேட்பதற்கு இந்த ஆய்வே போதிய காரணம்.

ஏனென்றால் இந்த வலி தானாகவே குறையும் இயல்புடையது. நெதர்லாந்தில் சியாட்டிக்கா நோயாளிகள் 183 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் படுக்கையில் ஓய்வெடுக்கவும், மறு பகுதியினரை இயன்றவரை வழக்கம்போல் இயங்கவும் சொன்னார்கள். 1999-இல் வெளியான முடிவின்படி, இரண்டு வாரத்தில் முன்னேற்றம் கண்டவர்கள் படுக்கை ஓய்வில் 70 விழுக்காடு, இயங்கியவர்களில் 65 விழுக்காடு. பன்னிரண்டாவது வாரத்தில் இரு குழுவிலும் 87 விழுக்காடு. படுக்கை ஓய்வு எதையும் கூட்டிக்கொடுக்கவில்லை என்பது ஒரு செய்தி. பன்னிரண்டு வாரத்தில் பெரும்பான்மையோர் தேறிவிடுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய செய்தி. வெளியே பிதுங்கிய கூழை உடலே படிப்படியாகக் கரைத்துவிடுவதும் உண்டு; அறுவை செய்யாத நோயாளிகளைத் தொடர்ந்து படம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் செய்த கணக்கில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பிதுக்கம் சுருங்கியோ மறைந்தோ இருந்தது. உடைந்து தனியே விழுந்த பெரிய துண்டுகள்தாம், பார்த்தால் பயமுறுத்தினாலும், கரையும் வாய்ப்பு அதிகம் உடையவை.

இங்கே எம்ஆர்ஐ அறிக்கையைப் பற்றி ஒரு சொல். நோய் முற்றிலும் நீங்கியவருக்கும் படத்தில் பிதுக்கம் அப்படியே இருக்கலாம். நெதர்லாந்தில் சியாட்டிக்காவுக்குச் சிகிச்சை பெற்றவர்களை ஓராண்டு கழித்து மீண்டும் படம் எடுத்தபோது, நன்கு தேறியவர்களில் 35 விழுக்காட்டினருக்கும், தேறாதவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் பிதுக்கம் தெரிந்தது. வலியே இல்லாத மனிதர்களைப் படம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்தால், இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் புடைப்பு காணப்படுகிறது. ஆகவே படத்தைக் காட்டி மட்டும் ஊசி போடச் சொல்பவரிடம், வலி இறங்கும் பாதையும் காலைத் தூக்கிப் பார்த்த பரிசோதனையும் படத்தில் உள்ள இடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கேட்பது நியாயமானது.

இனி ஊசியின் சோதனைகள். கனடாவில் 158 பேரிடம் நடத்தி 1997-இல் வெளியான ஆய்வு, பின்புற இடைவெளி வழியாக மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு அல்லது உப்பு நீர் என்று மூன்று தடவை வரை செலுத்தியது. ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு குழுவுக்குக் கால் வலி ஓரளவு குறைவாக இருந்தது; மூன்றாவது மாதத்தில் வேறுபாடு மறைந்தது; ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் இரு குழுவிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பிரிட்டனில் 228 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்விலும் மூன்றாவது வாரத்தில் பலன் தெரிந்து, ஆறாவது வாரத்துக்குள் கரைந்துவிட்டது. ஒரே ஊசிக்கு மேல் திரும்பத் திரும்பப் போட்டதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. மூன்று ஊசிகள் கொண்ட தொகுப்பாக இந்தச் சேவையை விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதல் ஊசியின் பலனைப் பார்க்காமலேயே மூன்றுக்கும் சேர்த்து முன்பதிவு செய்வதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

இவை இரண்டும் நரம்பு வேரைக் குறிவைக்காத வழியில் போட்ட ஊசிகள் என்பது பக்கவாட்டுத் துவார வழியை ஆதரிப்பவர்களின் வாதம். அதில் பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் அமைப்பே ஒரு பாடம். 150 பேரை ஐந்து குழுக்களாகப் பிரித்தார்கள். நரம்பு வேரின் அருகே ஸ்டீராய்டு, அதே இடத்தில் மரப்பு மருந்து மட்டும், அதே இடத்தில் உப்பு நீர், தசையில் ஸ்டீராய்டு, தசையில் உப்பு நீர். ஒரு மாதத்தில் வலி பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தவர்கள் முதல் குழுவில் 54 விழுக்காடு. மற்ற நான்கிலும் முறையே 7, 19, 21, 13 விழுக்காடு. அதாவது ஊசி குத்தியதால் அன்று, திரவம் சென்று கழுவியதால் அன்று, உடலில் ஸ்டீராய்டு எங்கோ சேர்ந்ததாலும் அன்று. ஸ்டீராய்டு அந்த இடத்தில் சேர்ந்ததால்தான் பலன் என்று பிரித்துக் காட்டிய ஆய்வு இது. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல அந்தப் பலனைத் தக்கவைத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. முதல் குழுவிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது.

அதற்கு முன் 2000-இல் அமெரிக்காவில் நடந்த சிறிய ஆய்வொன்றும் குறிப்பிடத்தக்கது. அறுவை சிகிச்சைக்குத் தகுதியானவர்கள் என்று முடிவான 55 பேருக்கு நரம்பு வேர் ஊசி போடப்பட்டது. மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டும் பெற்ற 28 பேரில் 20 பேர் அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மரப்பு மருந்து மட்டும் பெற்ற 27 பேரில் அப்படி முடிவெடுத்தவர்கள் 9 பேர். அறுவை சிகிச்சையின் வாசலில் நிற்பவருக்கு இந்த எண்ணிக்கை பெரிய ஆறுதல். கனடா ஆய்வோ அறுவை விகிதத்தில் மாற்றமே காணவில்லை. ஊசி செல்லும் வழியும், சேர்க்கப்பட்டவர்களின் நிலையும் வேறு வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிடுவதில் பயனில்லை. ஆனால் ‘இந்த ஊசி அறுவை சிகிச்சையைத் தவிர்க்கும்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது என்பது மட்டும் உறுதி.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 25 ஆய்வுகளையும் 2,470 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. குறுகிய காலத்தில் கால் வலியில் மருந்துப்போலியைவிட ஊசி தந்த கூடுதல் குறைவு, நூறு புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 5 புள்ளிகள். நோயாளிக்கு ‘ஆம், குறைந்திருக்கிறது’ என்று தோன்றப் பொதுவாகப் பத்துப் புள்ளிகளாவது தேவை என்று ஆய்வாளர்கள் கொள்வதால், அந்தத் தொகுப்பே இந்தப் பலனைச் சிறியது என்றும், நோயாளிகள் பொருட்படுத்தத் தக்கதாகக் கருதாமல் போகலாம் என்றும் சொல்கிறது. சராசரி என்பது எல்லோரும் ஐந்து ஐந்து புள்ளி குறைந்ததாகப் பொருள்படாது. சிலருக்குப் பெரிதாகக் குறைந்து, பலருக்கு ஒன்றுமே நேராமல் போனாலும் இதே சராசரிதான் வரும். மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வு அத்தகைய பிளவையே காட்டுகிறது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் எபிடியூரல் வெளியிலேயே உப்பு நீரோ மரப்பு மருந்தோ செலுத்தினால், அதுவும் ஓரளவு வேலை செய்து வேறுபாட்டைச் சுருக்கிவிடக்கூடும் என்ற மறுப்பையும் புறந்தள்ள முடியாது. இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும், யாருக்குப் பலன் தரும் என்று ஊசிக்கு முன்பே கண்டறியும் நம்பகமான வழி கையில் இல்லை. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுவது இதையே.

முதுகுத் தண்டுக் குழாய் வயதால் குறுகி, நடந்தால் இரு கால்களும் கனத்து உட்காரத் தூண்டும் நோய்க்கும் இதே ஊசியைப் போடுகிறார்கள். அது வேறு நோய். அமெரிக்காவில் 400 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாவது வாரத்தில் மரப்பு மருந்து மட்டும் பெற்றவர்களைவிட ஸ்டீராய்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்குப் பொருட்படுத்தத்தக்க கூடுதல் நன்மை இல்லை. அந்தப் பயன்பாட்டுக்கு என் மதிப்புரையில் இடமில்லை.

மாற்றாகக் கொடுக்கப்படும் மாத்திரைகளோடு ஒப்பிட்டால்தான் ஊசியின் தகுதி விளங்கும். பிரீகாபலின் இந்த வலிக்கு மிகப் பரவலாக எழுதப்படும் மருந்து. ஆஸ்திரேலியாவில் சியாட்டிக்கா நோயாளிகள் 209 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், எட்டாவது வாரத்தில் பத்துப் புள்ளி அளவுகோலில் கால் வலி பிரீகாபலின் குழுவுக்கு 3.7, மருந்துப்போலிக் குழுவுக்கு 3.1. மருந்து எடுத்தவர்கள் எவ்வகையிலும் மேம்படவில்லை. தலைசுற்றல் முதலான பக்கவிளைவுகளோ மருந்துப்போலிக் குழுவில் 124, பிரீகாபலின் குழுவில் 227. பிரெட்னிசோன் என்ற வாய்வழி ஸ்டீராய்டை 269 பேரிடம் சோதித்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில் அன்றாட இயக்கம் சிறிதளவு மேம்பட்டது, வலி குறையவில்லை. மார்ஃபின், நார்ட்ரிப்டிலின், இரண்டின் கூட்டு ஆகியவற்றை நாட்பட்ட நரம்பு வேர் வலிக்குச் சோதித்த ஆய்வில், தொடங்கிய 55 பேரில் 28 பேர்தான் இறுதிவரை நின்றார்கள். பலனும் பெரிதாக இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2020-இல் திருத்திய வழிகாட்டுதலில், சியாட்டிக்காவுக்குக் காபாபென்டின், பிரீகாபலின், வாய்வழி ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அதே வழிகாட்டுதல், புதிதாக வந்த கடும் சியாட்டிக்காவுக்கு எபிடியூரல் ஊசியைக் கருதிப்பார்க்கலாம் என்கிறது. மாத்திரைகளுக்கு மத்தியில் ஊசி முன்னிற்கிறது என்பது என் கணிப்பும்கூட. பயிற்சி சிகிச்சைக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு: அண்மையில் சியாட்டிக்கா தொடங்கிய 220 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே பிசியோதெரபிக்கு அனுப்பப்பட்டவர்களின் இயலாமை மதிப்பெண், நூறு புள்ளி அளவுகோலில், ஆறாவது மாதத்தில் மற்றவர்களைவிட ஐந்து புள்ளிகளுக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. சிறிய பலன், ஆனால் ஊசியைப் போல வாரங்களில் கரைந்துவிடாதது.

அறுவை சிகிச்சை இவற்றையெல்லாம்விட வேகமானது, அதில் ஐயமில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் வலியில் இருந்த 283 பேரை நெதர்லாந்தில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே மைக்ரோடிஸ்கெக்டமி, அதாவது பிதுங்கிய டிஸ்க் பகுதியைச் சிறு கீறல் வழியாக அகற்றும் அறுவை, செய்தார்கள். மறு பிரிவைக் காத்திருக்க வைத்து, தேவைப்பட்டால் மட்டும் அறுவை செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: அறுவை செய்துகொண்டவர்கள் விரைவாகத் தேறினார்கள், காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குச் சென்றார்கள், ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். நார்வேயின் வெபர் 1983-இல் வெளியிட்ட பத்தாண்டுத் தொடர் ஆய்விலும் முதல் ஆண்டில் அறுவைக் குழு முந்தியது, பின்னர் இடைவெளி குறைந்து மறைந்தது. ஆனால் வலி நான்கு முதல் பன்னிரண்டு மாதம் நீடித்துவிட்டவர்களின் கதை வேறு. கனடாவில் அத்தகைய 128 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பத்துப் புள்ளி அளவுகோலில் கால் வலி அறுவைக் குழுவுக்கு 2.8, மற்றவர்களுக்கு 5.2. காத்திருந்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரைக்கும் காலாவதி நாள் உண்டு என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த ஆய்வுதான். அந்த நாளைத் தாண்டியவருக்கு மீண்டும் மீண்டும் ஊசி போட்டுக்கொண்டிருப்பது நன்மை செய்வதாகத் தெரியவில்லை.

ஊசியையும் மைக்ரோடிஸ்கெக்டமியையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு பிரிட்டனிலிருந்து 2021-இல் வந்தது. ஓராண்டுக்கு உட்பட்ட சியாட்டிக்கா கொண்ட 163 பேர். பதினெட்டாவது வாரத்தில் இயலாமை மதிப்பெண்ணில் முன்னேற்றம் அறுவையில் 26.7, ஊசியில் 24.5, இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடிய அளவே. ஊசிக் குழுவில் ஒரு பகுதியினர் இடையில் அறுவை சிகிச்சைக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். கடுமையான பாதகங்கள் அறுவைக் குழுவில் நான்கு, ஊசிக் குழுவில் ஒன்றுமில்லை. முதலில் ஊசி, பலிக்காவிட்டால் அறுவை என்ற வரிசைக்கு இந்த ஆய்வு நல்ல ஆதரவு தருகிறது.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். 2012-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கலவை நிறுவனத்தில் பூஞ்சை கலந்துவிட்ட மெத்தில்பிரெட்னிசலோன் ஊசிகளால் 750-க்கும் மேற்பட்டோர் மூளை உறை அழற்சி முதலிய தொற்றுகளுக்கு ஆளானார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது மருந்தின் குற்றமன்று, தயாரிப்பின் குற்றம். 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விடுத்த எச்சரிக்கை மருந்தைப் பற்றியே: எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் பார்வை இழப்பு, பக்கவாதம், முடக்கம், மரணம் ஆகியவை அரிதாக நேர்ந்துள்ளன என்றும், இந்தப் பயன்பாட்டுக்கு ஸ்டீராய்டுகள் முறையாக ஒப்புதல் பெற்றவையல்ல என்றும் அது கூறியது. துகள்கள் உள்ள ஸ்டீராய்டு தண்டுவடத்துக்கு இரத்தம் தரும் சிறு தமனியில் புகுந்து அடைத்துவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கழுத்தில் பக்கவாட்டுத் துவார வழியில் போடும்போது துகள் இல்லாத டெக்ஸாமெத்தசோன் மட்டுமே, இடுப்பிலும் அவ்வழியில் முதலில் அதுவே என்று 2015-இல் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. எந்த ஸ்டீராய்டு, எந்த வழி என்று கேட்டால் மருத்துவர் கோபிக்கக் கூடாது. கோபித்தால் அவரிடம் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

2025-ஆம் ஆண்டில் மட்டும் இந்த ஊசியைப் பற்றி இரண்டு பெரிய தீர்ப்புகள் வந்தன. அமெரிக்க நரம்பியல் கழகத்தின் தொகுப்பாய்வு, நரம்பு வேர் வலிக்கு மூன்று மாதம் வரை வலியைக் குறைப்பதில் இது பலன் தரக்கூடும், ஊசி பெறாதவர்களைவிட 24 விழுக்காட்டினர் கூடுதலாக வலி குறைந்ததாகச் சொன்னார்கள் என்றது. பிரிட்டனின் மருத்துவ இதழான பிஎம்ஜேயில் வந்த வழிகாட்டுதலோ, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த நரம்பு வேர் வலிக்கு எபிடியூரல் ஊசி வேண்டாம் என்று வலுவாகப் பரிந்துரைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் முரண். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்று சில மாதப் பலனைப் பேசுகிறது. மற்றொன்று நாட்பட்டுவிட்ட வலியைப் பேசுகிறது. அழற்சி மேலோங்கிய தொடக்கக் காலத்தில் ஸ்டீராய்டுக்கு வேலை இருக்கிறது, பின்னர் குறைகிறது என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று பெரிதும் மறுக்கவில்லை.

எனவே வலி தொடங்கிச் சில வாரங்களே ஆகி, உட்காரவும் உறங்கவும் முடியாத அளவுக்குக் கால் வலி கடுமையாக இருந்து, பரிசோதனையும் படமும் ஒரே நரம்பு வேரைக் காட்டுமானால், படக்கருவியின் துணையோடு ஒரே ஓர் ஊசியைப் போட்டுக்கொள்வதை நான் பரிந்துரைப்பேன்; உடல் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் வரை அந்தக் கொடிய வாரங்களைத் தாங்க அது அவகாசம் தரும். வலி பொறுக்கத்தக்கதாக இருப்பவருக்கு அது தேவையில்லை. முதல் ஊசி பலனே தராதவருக்கு அடுத்ததைப் பரிந்துரைக்க மாட்டேன். வலி ஆறு மாதத்தைத் தாண்டியவர், ஊசி மையத்துக்குப் பதிலாக முதுகு அறுவை மருத்துவரிடம் ஒரு கருத்தைக் கேட்பது மேல். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போனாலும், சிறுநீர் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடின்மையோ வந்தாலும், ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போனாலும், எந்த ஊசிக்கும் நாள் குறிக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்; அங்கே மணிக்கணக்கில் ஏற்படும் தாமதம்கூட நிரந்தர இழப்பாகலாம்.